மண்மணம், நொடியில்

எங்கள் மலையூர் அஞ்செட்டியில் கதை எழுதுவது இனிச் சிரமமே இல்லை. முன்பெல்லாம் ஒரு வரிக்காக ராகிக்காட்டுப் பரணில் விடிய விடிய உட்கார்ந்து, யானைக்குத் தகரம் தட்ட வேண்டும். பனியில் மூக்கு ஒழுகும். இப்போது "அஞ்செட்டி, யானை, சோகம்" என்று செல்போனில் செயற்கை நுண்ணறிவிடம் தட்டினால் ஐந்து பக்கம் வந்து விழுகிறது.

பாவம் எழுத்தாளர் சுஜாதா. பக்கத்துப் பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் பொறியாளராக இருந்தவர். ஜீனோ என்ற இயந்திர நாயையே படைத்தவருக்கு, அதை உட்காரவைத்து எழுதச் சொல்லத் தோன்றவில்லை. ஜப்பானின் ரியே குடான் விவரமானவர். 2024-இல் அகுதாகவா பரிசு வாங்கிய நாவலில் சுமார் 5 சதவீதம் சாட்ஜிபிடி தந்தது என்றார். ஐந்துதானா? நம்மவர்கள் அவ்வளவு கஞ்சர்கள் இல்லை.

என் கதையில் அஞ்செட்டிக்கு ரயில் வந்துவிட்டது. கடற்காற்று வீசுகிறது. தென்னந்தோப்பில் யானை ஒன்று பாட்டியின் கண்ணீரைத் துடைக்கிறது. பேச்சில் கன்னடம் இல்லை, தெலுங்கு இல்லை, தட்டில் களி இல்லை. பரம சுத்தம்.

"மண்மணம் கமழ்கிறது" என்று பத்திரிகையிலிருந்து அன்றே பதில் வந்தது. கூடவே, நானே எழுதிய பழைய பரண் கதையும் திரும்பி வந்தது: "அஞ்செட்டிக்காரர்கள் இப்படிப் பேசமாட்டார்கள்."

பரண் காலியாகத்தான் இருக்கிறது. வேண்டுவோர் தகரத்தோடு வரலாம்.