போத்தல் வெயில்

வா மருமோன், வா. உந்தக் கதிரையிலை இரு, நிழலுக்கை கிடக்கு. வெயில் பட்டுக் கறுத்துப்போனியெண்டால் உன்ரை மனிசி என்னைத்தான் பேசுவாள்.

கையிலை என்ன? வைட்டமின் டியோ? கொழும்பிலையிருந்து எடுப்பிச்சனியோ? கெட்டிக்காரன். வட்டக்கச்சி வயல் வழிய சும்மா கொட்டிக் கிடக்கிற சாமானைக் காசு குடுத்துப் போத்தலிலை வாங்கியிருக்கிறாய். கிளிநொச்சியிலையிருந்து இஞ்சை வர முழுக்கைச் சட்டை, கையுறை, ஹெல்மெட், முகத்துக்கு லேஞ்சி. சூரியன் பாவம், உன்ரை மூக்கு நுனியைத் தேடிக் களைச்சுப்போச்சு.

ஒப்பிசிலை யன்னலுக்குப் பக்கத்திலைதான் இருக்கிறனியோ? கண்ணாடிக்குள்ளாலை வெளிச்சம் வரும், வைட்டமின் செய்யிற கதிர் வராது. விடிய ஆறு மணிக்கு முற்றத்திலை இளவெயில் காயிறதும் அப்பிடித்தான். காகத்துக்குச் சோறு வைக்க நல்ல நேரம். உன்ரை நிழல் உன்னைவிடக் கட்டையாகிற நேரந்தான் அந்தக் கதிர் பலமாய் இறங்கும். எங்கடை கறுத்தத் தோலுக்கு இன்னும் கொஞ்சம் கூடுதலாய் நிக்கவேணும். அதுக்காகச் சித்திரை வெயிலுக்கை வெறுங்காலோடை போய் நிண்டிடாதை. சீனி வருத்தக்காரன்ரை பாதம் சுட்டாலும் சொல்லாது.

சரி, உந்த டிக் குளிசையைப் போட்டால் மாரடைப்பு வராதெண்டு ஆர் சொன்னது? ஓமோம், சீனி வருத்தக்காரரிலை டி குறைஞ்ச ஆக்களுக்கு நெஞ்சு வருத்தம் கூட எண்டு கண்டது உண்மைதான். இரணைமடுக் குளத்திலை தண்ணி வத்தினால் அளவுகல்லிலை இலக்கம் இறங்கும். நீ வாளியும் கையுமாய்ப் போய் அளவுகல்லுக்கு மேலை ஊத்து, குளம் 36 அடிக்கு ஏறும்! வீட்டுக்கை அடைஞ்சு கிடக்கிறவனுக்கும் வண்டி வைச்சவனுக்கும் டி குறையும். அவனுக்கு நெஞ்சும் பழுதாகும். ரெண்டும் ஒரு வீட்டுப் பிள்ளையள் மோனை, ஒண்டு மற்றதைப் பெறேல்லை. என்ன, உன்ரை வண்டியைத் தடவிப் பாக்கிறாய்? நான் பொதுவாய்ச் சொன்னனான்.

யாழ்ப்பாணத்திலை மருத்துவம் படிக்கிற பேத்தி வாசிச்சுக் காட்டினவள். அமெரிக்காவிலை வைட்டல் எண்டு ஒரு ஆராய்ச்சி, 25,871 பேர். அரைவாசிப் பேருக்கு நாளுக்கு 2000 யூனிட் டி, மற்றவைக்கு மருந்தில்லாத வெத்துக் குளிசை. சீனிக்காரரும் அதுக்கை இருந்தவை. அஞ்சு வருசத்துக்கு மேலை பாத்து 2018இலை கணக்குச் சொன்னவை. மாரடைப்பும் பாரிசவாதமும் ரெண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒரே அளவு.

எறிஞ்சுபோடாதை, காசு குடுத்தது. எலும்புக்கு அது வேணும். ரத்தத்திலை குறைவெண்டு டொக்டர் எழுதித் தந்தால் எழுதின அளவுக்குப் போடு. உன்ரை பாட்டிலை அள்ளிப் போட்டால் கல்சியம் ஏறிக் கிட்னியிலை கை வைக்கும். சீனி ஏற்கெனவே அங்கைதான் கை வைச்சுக்கொண்டு நிக்குது.

எனக்கு விளங்காதது ஒண்டுதான். கிளினிக்கிலை சும்மா தாற மெட்போமினும் கொலஸ்ட்ரோல் குளிசையும் உங்கடை சாமித்தட்டிலை விபூதிக்குப் பக்கத்திலை நித்திரை. காசு குடுத்த போத்தல் மட்டும் சட்டைப் பைக்குள்ளை. நெஞ்சைக் காக்கிறதெண்டு கணக்காய்க் காட்டினது அந்தக் கொலஸ்ட்ரோல் குளிசை. சும்மா வந்ததாலை அதுக்கு மரியாதை இல்லையாக்கும்.

கிளினிக்குக்கு மூண்டு நாளுக்கு முதல் பாவற்காயும் குரக்கன் பிட்டும் சாப்பிட்டு மிஸ்ஸுக்குப் பேய்க்காட்டினதும் கேள்விப்பட்டன். இப்ப எடுக்கிற ஏ1சி சோதினை மூண்டு மாசக் கதையையும் சொல்லிப்போடும். வற்றாப்பளைப் பொங்கலுக்குத் திண்ட புக்கையையும் சேத்து.

மாமி தேத்தண்ணி கொண்டு வாறா. வெறுந்தேத்தண்ணிதான். போத்தலிலை சீனி முடிஞ்சுது. கட்டாயம் வேணுமெண்டால் சந்திக் கடையிலை இருக்கு, ஒண்டரை மைல்.

மோட்டச்சைக்கிள் திறப்பை இஞ்சை வைச்சிட்டுப் போ.