பனிக்கடல் மிதப்பும் பொட்டிபுரத்துப் போணியும்: ஓர் ஒப்பாய்வு

குளிர்ந்த நீரில் மனிதன் இறங்குவதற்கு உலகில் இரண்டு மரபுகள் உண்டு. முதலாவது, பின்லாந்தின் வடக்கே கெமி என்னும் துறைமுக ஊரில் நடப்பது. அதற்குக் கை நிறையப் பணம் கட்ட வேண்டும். இரண்டாவது, போடிநாயக்கனூர்ப் பக்கம் பொட்டிபுரத்தில் மார்கழி விடியலில், போணி என்னும் பாத்திரத்தால் மொண்டு ஊற்றி நடப்பது. அதற்குப் பணம் வேண்டாம், அப்பத்தா இரண்டு முறை ஏசினால் போதும். முதலாவதைப் பற்றி வண்ணப் படங்களோடு எவ்வளவோ எழுதிவிட்டார்கள். இரண்டாவதைப் பற்றி எழுத ஆளில்லை. மேற்படி விடியல்களைப் போர்வைக்குள் இருந்தபடியே நெடுங்காலம் கூர்ந்து கவனித்தவன் என்ற தகுதியில் அப்பொறுப்பை இங்கே ஏற்றுக்கொள்கிறேன்.

கெமி மரபு

கெமியில் சம்போ என்றொரு கப்பல் நிற்கிறது. 1960-களின் தொடக்கத்திலிருந்து கால் நூற்றாண்டு காலம், உறைந்துபோன போத்னியா வளைகுடாவை உடைத்துச் சரக்குக் கப்பல்களுக்குத் தடம் போட்டுக் கொடுத்த உழைப்பாளி. பின்னால் வந்த சரக்குக் கப்பல்கள் இடுப்பு பெருத்துவிட்டன. சம்போ போட்ட தடம் அவற்றுக்குப் பற்றவில்லை. 1980-களின் இறுதியில் கெமி நகரம் அதை வாங்கிச் சுற்றுலாவுக்கு விட்டது. ஓய்வு பெற்றவரைத் திருவிழாவில் வரவேற்புக்கு நிறுத்துவது எல்லா ஊரிலும் உள்ளதுதானே.

இந்தக் கப்பல் பனியைக் கத்திபோல் கிழித்துக்கொண்டு போகும் என்று நினைப்பவர்கள் உண்டு. அப்படியில்லை. அதன் முன்பக்கம் சரிவாக அமைந்திருக்கும். கப்பல் பனிப்பாளத்தின் மேல் ஏறிப் படுத்துக்கொள்ளும். கீழே பாளம் எடை தாங்காமல் உடையும். பிறகு அடுத்த பாளம். அதாவது இங்கே வேலை செய்வது கூர்மை இல்லை, கனம். பின்வரும் பகுதிகளில் இது நமக்குத் தேவைப்படும். வாசகர் நினைவில் வைத்துக்கொள்ளவும்.

நடுக்கடலில் கப்பலை நிறுத்தி, உடைத்த பனிக்கு நடுவே பயணிகளை நீரில் இறக்குகிறார்கள். அந்த வளைகுடாவின் வடகோடியில் ஆறுகள் பல வந்து விழுவதால், பெருங்கடலின் உப்பில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்குதான் அங்கே இருக்கும். ஆகவே கடல் சுழியம் டிகிரியை ஒட்டியே உறைந்துவிடுகிறது. அந்தத் தண்ணீரில் பயணிகள் மல்லாந்து மிதக்கிறார்கள், சிரிக்கிறார்கள், படம் எடுத்துக்கொள்கிறார்கள். கரையேறியதும் சான்றிதழ்கூடக் கிடைக்கிறது.

ஆனால் ஆய்வாளன் படத்தை உற்றுப் பார்க்க வேண்டும். சட்டை, கால்சட்டை, கம்பளி எல்லாம் போட்டு, அதன் மேல் தலை முதல் கால் வரை நீர் புகாத தடித்த ரப்பர் உடை. வெளியே தெரிவது முகம் மட்டும். கப்பல் மூழ்கினால் மாலுமி பிழைப்பதற்காகச் செய்த உடை அது. காற்றை உள்ளே வைத்திருப்பதால் ஆள் அமிழ மாட்டார், நீர் புகாததால் நனையவும் மாட்டார். நனையாமல் நடந்த ஒன்றைக் குளியல் என்று பொட்டிபுரத்தில் சொன்னால், வாசலோடு திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

ஆய்வுக்களம்

பொட்டிபுரம் உலகுக்குத் தெரிந்தது குளியலால் அல்ல, நியூட்ரினோ என்னும் நுண்துகளால். போடி மேற்கு மலையில், ஊரார் அம்பரப்பர் மலை என்று சொல்லும் பாறைக்குள் குகை குடைந்து, 50,000 டன் இரும்பில் உணர்கருவி அமைக்கும் திட்டத்துக்கு 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. அதன் பிறகு எதிர்ப்பு, தீர்ப்பாயம், வழக்கு என்று மலை மலையாகவே நிற்கிறது. அந்த விவாதத்துக்குள் இக்கட்டுரை போகாது. நமக்கு வேண்டியது அந்த இயற்பியலிலிருந்து ஒரேயொரு பாகுபாடு.

சூரியனிலிருந்து வரும் நியூட்ரினோக்கள் நம் விரல்நகப் பரப்பின் வழியே ஒவ்வொரு நொடியும் ஆறாயிரம் கோடிக்கு மேல் கடந்து போகின்றன. நமக்கு ஒன்றும் தெரிவதில்லை. அவற்றுக்கும் ஒன்றும் ஆவதில்லை. வானிலிருந்து வரும் மியூவான் என்னும் துகள் அப்படியில்லை. அது மின்னூட்டம் கொண்டது. பாறையில் ஒவ்வோர் அடிக்கும் ஆற்றலைப் பறிகொடுத்துக் கடைசியில் நின்றுவிடும். மியூவான்களை வடிகட்டத்தான் தலைக்கு மேல் ஒரு கிலோமீட்டருக்குக் குறையாத பாறை கேட்டார்கள்.

பாறைக்குப் பதில் பனியை வைத்தும் இதைச் செய்யலாம். தென்துருவத்தில் ஐஸ்கியூப் என்ற ஆய்வகம் 5,160 உணர்கருவிகளை 1,450 மீட்டருக்குக் கீழே பனிக்குள் இறக்கி வைத்திருக்கிறது. 2010 டிசம்பரில் வேலை முடிந்தது. எனவே பொட்டிபுரத்துக்கும் பனிக்கட்டிக்கும் உறவில்லை என்று யாரும் இனி சொல்ல முடியாது.

இந்த அடிப்படையில் குளிர்நீரில் இறங்குவோர் இரு வகைப்படுவர். நீரில் புகுந்தும் நீரோடு எந்தப் பரிமாற்றமும் இல்லாமல் வெளியேறுவோர் நியூட்ரினோ வகையினர். தொட்ட இடமெல்லாம் சூட்டைப் பறிகொடுத்து, பல் கிட்டி, கடைசியில் நின்ற இடத்திலேயே நின்றுவிடுவோர் மியூவான் வகையினர். கெமியின் ரப்பர் உடைப் பயணிகள் அனைவரும் முதல் வகை. பொட்டிபுரம் முழுக்க இரண்டாம் வகை. என் பெரியப்பா மட்டும் எவ்வகையிலும் அடங்கார், அவருக்கு வருஷம் முழுக்கச் சுடுதண்ணி.

எதிர்வாதமும் மறுப்பும்

போடியில் என்ன பெரிய குளிர் என்று கேட்பார்கள், குறிப்பாக ஊட்டிக்காரர்கள். ஒத்துக்கொள்ள வேண்டியதுதான்: மார்கழி விடியலில் அடிவாரத்தின் வெப்பம் இருபது டிகிரியைச் சுற்றியே நிற்கும். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறேழு டிகிரி குறையும் என்பதால் கொழுக்குமலையில் நிலைமை வேறு. மலைக்கு அந்தப் பக்கம் மூணாறில் ஜனவரியில் புல்மேல் உறைபனி படிந்து தேயிலைக் கொழுந்து கருகுவதும் உண்டு. 2019-இல் பல நாள் அப்படி நடந்தது. ஆனால் நம் களம் அடிவாரம்.

இங்கேதான் உடலியல் கை கொடுக்கிறது. குளிர்நீர் பட்டதும் மூச்சைத் திடீரென்று உள்ளே இழுத்து, நெஞ்சு படபடத்து, மூச்சு தாறுமாறாகும் அந்த நிலைக்கு நீர் உறைந்திருக்கத் தேவையே இல்லை. 25 டிகிரிக்குக் கீழே போனாலே அது தொடங்கிவிடுகிறது. 10 முதல் 15 டிகிரிக்குள் உச்சத்தைத் தொடுகிறது. அதற்குமேல் எவ்வளவு குளிர்ந்தாலும் அந்த முதல் மூச்சுத்திணறல் பெரிதாகக் கூடுவதில்லை. மனிதத் தோலோ 33 டிகிரியில் சுகமாக இருக்கிறது. தோலுக்கு வெளியே சுழியம், தோலுக்கும் அதற்கும் நடுவே ரப்பரும் கம்பளியும் என்றால் தோல் அறியும் வித்தியாசம் சொற்பம். இருபது டிகிரித் தண்ணீரை வெறும் துண்டு கட்டிய உடம்பில் ஊற்றினால் பதின்மூன்று டிகிரி வித்தியாசம் ஒரே நொடியில். ஆக, வீரத்தைக் கடலில் தெர்மாமீட்டரை விட்டு அளப்பது அடிப்படைப் பிழை. அளக்க வேண்டிய இடம் தோல்.

நீர்நிலைகளின் தரவரிசை

வெளியூர் விருந்தாளிகள் தொடர்ந்து ஏமாறும் இடம் இது. போர்வெல் தண்ணீர் குளிரும் என்று பயந்து, மேல்நிலைத் தொட்டிக் குழாயைத் திறப்பார்கள். நடப்பது நேர்மாறு. நிலத்தடி நீர் வருஷம் முழுவதற்குமான சராசரி வெப்பத்தை ஒட்டியே இருக்கும். போடி அடிவாரத்தில் அது 26, 27 டிகிரி. விடியலில் வெளிக்காற்று அதைவிடக் குளிர்ந்திருப்பதால், பம்புசெட்டிலிருந்து கொட்டும் தண்ணீர் ஆவி பறக்க இதமாக வரும். தோட்டத்துக்காரர்கள் மார்கழியில் ஐந்து மணிக்கே சிரித்த முகத்தோடு இருப்பதன் ரகசியம் பக்தி மட்டும் அல்ல.

மாடியிலுள்ள பிளாஸ்டிக் தொட்டி இரவெல்லாம் வானத்துக்குச் சூட்டைக் கொடுத்துவிட்டு நிற்கும், அது கடுமை. எல்லாவற்றிலும் கொடியது வாசலில் திறந்து கிடக்கும் சிமெண்டுத் தொட்டி. மேற்பரப்பு ஆவியாகி ஆவியாகி, மலைக்காற்றும் சேர்ந்து, அது காற்றைவிடக் குளிர்ந்துபோவதும் உண்டு. வீட்டுக்கு வந்த மருமகனுக்குப் போணியைக் கொடுத்து எந்தத் தொட்டியைக் காட்டுகிறார்கள் என்பதை வைத்து அவ்வீட்டில் அவருக்குள்ள மதிப்பைக் கணிக்கலாம்.

கொட்டக்குடி ஆறும் அணைப்பிள்ளையார் தடுப்பணையும் தனிப் பிரிவு. குரங்கணி மலையிலிருந்து இறங்கி வரும் தண்ணீர் அது. வழியில் வெயில் கண்டாலும் குணம் மாறாது. மழைக்காலத்தில் வெள்ளம் வந்தால் அங்கே யாரும் இறங்கக் கூடாது. வெள்ளம் வடிந்த காலையில் கரையில் ஐந்தாறு பேர் கைகட்டி நிற்பார்கள். ஒருவர் கட்டைவிரலை நனைத்துவிட்டு அரசியல் பேசுவார். இன்னொருவர் முழங்கால் வரை இறங்கி நின்று, இடுப்பு என்ற எல்லைக்கோட்டைத் தாண்டுவதா வேண்டாமா என்று யோசிப்பார். அப்போது கொஞ்சம் தொந்தியுள்ள ஒரு மாமா துண்டை இறுக்கிக்கொண்டு, யாரையும் கேட்காமல், மொத்தக் கனத்தோடு விழுவார். தண்ணீர் தெறித்துக் கரையில் உள்ள அத்தனை பேரும் நனைந்துவிடுவார்கள். அதற்குமேல் இறங்காமலிருக்கக் காரணம் இல்லை. சம்போவின் பொறியியல் நுட்பம் இங்கே முழுமையாக நிறுவப்படுகிறது: பனி உடைவது கூர்மையால் அல்ல, கனத்தால். ஒல்லியான ஆள் இதைச் செய்து நான் பார்த்ததில்லை.

சரணக் கருதுகோள்

கார்த்திகை முதல் தேதி மாலை போட்டவர்கள் இருவேளையும் பச்சைத்தண்ணீரில் குளிக்கிறார்கள். தேனி, கம்பம், குமுளி வழியாகச் சபரிமலைக்குப் போவோர் சுருளி அருவியிலும் தலையைக் கொடுத்துவிட்டுத்தான் போகிறார்கள். இவர்களுக்கு மட்டும் திணறல் குறைவாகத் தெரிவது ஏன்?

குளிர்நீர் ஆய்வாளர்கள் சொல்வது: முதல் ஒரு நிமிடம் மூச்சைக் கட்டுப்படுத்திவிட்டால் பெரும்பாலான ஆபத்து கடந்துவிடும். உடம்பு வெடுக்கென்று மூச்சை உள்ளே இழுக்கப் பார்க்கும். அதை எதிர்க்க நிதானமாக வெளியே விட வேண்டும். இப்போது தலையில் முதல் போணி விழும் கணத்தில் சாமிமார் என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். அடிவயிற்றிலிருந்து நீட்டி முழக்கிச் சரணம் விளிக்கிறார்கள். உரக்கக் கூவுகிறவன் மூச்சை வெளியே விட்டாக வேண்டும். ஒரே நேரத்தில் உள்ளே இழுக்க அவனால் முடியாது. கூடவே மண்டல விரதம் 41 நாளும் தினம் பழகப் பழக உடம்பு அந்த அதிர்ச்சிக்கு இணங்கிவிடுகிறது. சில தடவை குளிர்நீரில் நனைந்தாலே திணறல் குறையும் என்பது உறுதிப்பட்ட செய்தி. கெமி கப்பலில் இதற்கு இணையான ஏற்பாடு எதுவும் இல்லை. இருதயக் கோளாறு உள்ளவர்கள் சரணத்தை மட்டும் நம்பாமல் டாக்டரையும் கேட்டுக்கொள்வது நல்லது.

உடை பற்றிய சிறு குறிப்பு

மலையடிவாரத்தில் ரப்பர் உடை இல்லை என்று சொல்லிவிட முடியாது. வேறு வடிவில் இருக்கிறது. விடியலில் போடியிலிருந்து போடிமெட்டு ஏறி ஏலத்தோட்டங்களுக்கு ஜீப்பில் போகும் பெண்களைப் பாருங்கள். சேலைக்கு மேல் வீட்டுக்காரரின் பழைய முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு, அதன் மேல் மகனின் குல்லா. கொண்டை ஊசி வளைவுகளில் காற்று முகத்தில் அறையும். வெளியே தெரிவது முகம் மட்டும். இவர்களுக்கு யாரும் சான்றிதழ் கொடுப்பதில்லை. இவர்கள் காலையில் குளிப்பதுமில்லை. தோட்டம் முடிந்து வீடு வந்துதான் குளியல். மார்கழிக் குளியலின் மகிமையை இவர்களிடம் விளக்கப் போன ஆய்வாளனுக்குக் கிடைத்த பதில் அச்சுக்கு உகந்ததல்ல.

நேர்மை கருதி ஒன்று

பின்லாந்துக்காரர்கள் கோழைகள் என்ற முடிவுக்கு வாசகர் வந்திருந்தால் அது அநியாயம். ரப்பர் உடை வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கு. உள்ளூர்க்காரர்கள் உறைந்த ஏரியில் ஓட்டை போட்டு, வெறும் உடம்போடு இறங்கி ஏறுகிறார்கள். ஆனால் பக்கத்திலேயே சவுனா என்ற வெக்கை அறை தயாராக இருக்கும். சூட்டில் வெந்து குளிரில் இறங்குவது அவர்கள் முறை. 2020-இல் சவுனாப் பழக்கத்தை யுனெஸ்கோ மரபுச் செல்வமாகப் பட்டியலிட்டது. ஆகவே ஒப்பாய்வு நியாயமாக அமைய வேண்டுமானால் மலைச்சரிவிலும் ஒரு சவுனா வேண்டும்.

இருக்கிறது. ஏலத்தோட்ட ஸ்டோர். பறித்த பச்சைக்காயைத் தட்டுகளில் பரப்பி, மூடிய அறைக்குள் சுமார் ஐம்பது டிகிரிச் சூட்டில் ஓர் இரவுக்கு மேல் வைத்து உலர்த்துவார்கள். உள்ளே காயைப் புரட்டப் போகிறவர் வியர்த்து வெளியே வந்தால் ஜனவரியின் மலைக்காற்று காத்திருக்கும். ஏலக்காய் மணம் வேறு; அது பின்லாந்தில் எவ்வளவு பணம் கொடுத்தாலும் கிடைக்காது. ஒரு ஸ்டோர், வாசலில் ஒரு சிமெண்டுத் தொட்டி, ஒரு போணி இவ்வளவும் இருந்தால் கெமிக்குப் போகும் கூட்டத்தில் கொஞ்சத்தை இந்தப் பக்கம் திருப்பிவிடலாம். இத்திட்டத்தைக் களத்திலேயே முன்வைப்பதற்காக மலைமேல் ஒரு ஸ்டோரின் கதவைத் திறந்து நின்று, சவுனாவின் வரலாறு, நியூட்ரினோ வகைப்பாடு, சுற்றுலா வருமானம் ஆகியவற்றை வரிசையாக எடுத்துரைத்தேன். கங்காணி அண்ணன் பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்: “எல்லாஞ் சரி சார், மொதல்ல கதவச் சாத்துங்க. சூடு எறங்குனா காய் நெறம் போயிரும், ஏலத்துல வெலை கெடைக்காது.”