பிரிக்காத பெட்டிக்காரர்

சென்னையில் அடுக்குமாடிக்கு ஒருவராவது இப்படி இருக்கிறார். நல்ல உத்தியோகம், லேசான வழுக்கை, ஹாலில் ஒரு கண்ணாடி அலமாரி. நகை இருக்கும் பீரோவில் சாவி தொங்கிக்கொண்டே இருக்கும். இந்த அலமாரிச் சாவி மட்டும் அவர் சட்டைப்பையை விட்டு இறங்காது. உள்ளே இருப்பது ரேஸ் கார்கள். பாதி உள்ளங்கையில் அடங்குகிற 1:43 அளவு, மீதி அரையடி தாண்டும் 1:18.

வாய் தவறிப் பொம்மை என்று சொல்லிவிட்டால் தொலைந்தோம். "பொம்மை இல்ல சார், ஸ்கேல் மாடல்" என்று பெட்டியைக் கவிழ்த்து, அடியில் உள்ள பொடி எழுத்தைக் காட்டுவார். இது பொம்மையல்ல, 14 வயதுக்கு மேற்பட்ட சேகரிப்பாளர்களுக்கானது என்று போட்டிருக்கும். சுங்கத் துறை அந்தப் பொடி எழுத்தையெல்லாம் படிப்பதில்லை. அவர்கள் பட்டியலில் பொம்மையும் ஸ்கேல் மாடலும் 9503 என்ற ஒரே தலைப்பின் கீழ்தான். அந்தத் தலைப்புக்கான இறக்குமதி வரி 2020 பட்ஜெட்டில் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது, 2023இல் 70 ஆனது. வரி ரசீதைப் பார்த்து மற்றவர்கள் அழுவார்கள். நம் ஆளுக்குச் சந்தோஷம். "இனிமே யாரும் வரவழைக்க முடியாது. என்கிட்ட இருக்கறதுக்கு ரேட் எங்கயோ போகும்!"

அவர் அகராதியில் செலவு என்ற சொல்லே கிடையாது, எல்லாம் முதலீடு. தங்கத்தைவிட மேல் என்பது அவர் கட்சி. "தங்கத்துல செய்கூலி, சேதாரம்னு போகுது. இதுல சேதாரம் உண்டா?"

"அடகுக் கடையில வாங்குவானா, கேட்டுச் சொல்லுங்க" என்பார் அவர் மனைவி, வெண்டைக்காய் நறுக்கியபடி.

எந்த மாடல் விலை நிற்கும் என்று கேட்டால் இரவுச் சாப்பாட்டை மறந்துவிட வேண்டியதுதான். சொல்வதில் விஷயம் இருக்கிறது, மறுக்கவில்லை. காரைவிட அதை ஓட்டியவர் முக்கியம். சாதாரண வண்டியைவிட, பந்தயம் ஜெயித்த அன்றைய கோலத்தில் செய்த வண்டிக்கு மதிப்பு. எத்தனை செய்தார்கள் என்ற எண்ணிக்கை குறையக் குறைய நல்லது. எல்லாவற்றுக்கும் மேலாக, பெட்டி. பெட்டி இல்லாத கார் அவர் கணக்கில் பாதிக் கார். அதனால் எதையும் இரண்டாக வாங்குவார், பிரித்து வைக்க ஒன்று, பிரிக்காமல் வைக்க ஒன்று. ஜெர்மனியின் மினிசாம்ப்ஸ் கம்பெனி பெயரைச் சொல்லும்போது குலதெய்வத்தின் பெயர் சொல்வதுபோல் குரல் தணியும்.

1988இல் 16 பந்தயங்களில் 15ஐ ஜெயித்த மெக்லாரன் எம்.பி. 4/4, அயர்ட்டன் சென்னா முதல் உலகப் பட்டம் வாங்கிய வண்டி, அலமாரியின் நடுத்தட்டில் இருக்கிறது. சிவப்பு வெள்ளை நிறமெல்லாம் அப்படியே இருக்கும், மார்ல்பரோ என்ற எழுத்து மட்டும் இருக்காது. புகையிலை விளம்பரத் தடைகளுக்கு அஞ்சி மாடல் கம்பெனிகள் அதை விட்டுவிடுவது வழக்கம். நம் ஆள் அந்த எழுத்தைத் தனியாக வரவழைத்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மின்விசிறியை அணைத்துவிட்டு, அரிசியளவு ஸ்டிக்கரைத் தண்ணீரில் நனைத்து, இடுக்கியால் எடுத்து, மூச்சை அடக்கி ஒட்டினார். ஜன்மத்தில் ஒரு சிகரெட் பிடித்தவரில்லை.

கவலைகளும் உண்டு. இந்தக் கார்களை வார்க்கும் துத்தநாகக் கலவையில் ஈயம் கொஞ்சம் கூடிவிட்டால், வருஷங்கள் கழித்து உலோகம் உப்பி, வெடித்து, தானாகவே உதிரும். ஜிங்க் பெஸ்ட் என்பார்கள். ஈரக்காற்று அதற்கு இன்னும் சாதகம். மெரினா காற்று வாங்கப் போகிற ஊரில் இவர் மட்டும் கடலைச் சபிப்பார். அலமாரிக்குள் சிலிக்கா பொட்டலங்கள். அவற்றை மாதாமாதம் மாற்றுகிறவர், வீட்டு வாட்டர் ஃபில்டரை மாற்றச் சொல்லி எத்தனை தீபாவளி போயிற்று என்பதை அவர் மனைவிதான் சொல்ல வேண்டும். இதைவிடப் பெரிய இடி, கம்பெனி பழைய மாடலை மறுபடி வெளியிடுவது. அன்று வீட்டில் இழவு விழுந்த மாதிரி இருக்கும்.

நவராத்திரிதான் அவருக்குச் சோதனைக் காலம். கொலுவில் பார்க் வைத்து, கேழ்வரகு முளைக்கவிட்டு, மணலில் ரோடும் போட்டாகிவிட்டது. "ரோடு காலியா இருக்கு. நாலு கார் குடுங்களேன்" என்றார் மனைவி. மனிதர் வெளுத்துப்போய், வாசலுக்கு ஓடி, பிளாஸ்டிக் ஆம்புலன்ஸ் நாலு வாங்கி வந்தார். நாலும் ஆம்புலன்ஸ். சுண்டல் வாங்க வந்த வாண்டு ஒன்று அலமாரியில் மூக்கை ஒட்டிக்கொண்டு, "அங்கிள், இதெல்லாம் ஓடுமா?" என்றது.

"ஓடாது கண்ணா. ஓடினா விலை போயிடும்."

இவ்வளவு விலை பேசுகிறவர் எதையாவது விற்றிருக்கிறாரா? ஒரே ஒருமுறை விற்கிற கட்டம் வரை வந்தார். கோவைக்காரர் நரேன் கார்த்திகேயன், ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியர், 2005இல் ஓட்டிய ஜோர்டான் கார் இவரிடம் வழக்கம்போல் இரண்டு. அந்த வருஷம் இண்டியானாபோலிஸில் நரேன் நாலாவதாக வந்ததை எல்லோரிடமும் சொல்வார். டயர் தகராறில் மற்றவர்கள் ஒதுங்கி, ஆறே கார்கள் ஓடிய பந்தயம் அது என்பதைச் சொல்லமாட்டார்.

பிரிக்காத பெட்டியைக் கேட்டு ஓர் இளைஞர் வந்தார். இவர் ஒரு விலை சொல்ல, அவர் பேரமே பேசாமல் பணத்தை எடுத்தார். இவருக்குக் கை நடுங்கிவிட்டது. பேரம் பேசாமல் தருகிறான் என்றால் மார்க்கெட் ஏறியிருக்கிறது என்றுதானே அர்த்தம்?

"தம்பி, இது இப்போ விக்கறதுக்கு இல்ல."

இளைஞர் விவரமானவர். "அப்ப ஒண்ணு பண்ணுங்க சார். அதே ரேஸ்ல மூணாவதா வந்த மான்டெய்ரோ கார் என்கிட்ட இருக்கு. அதை நீங்க எடுத்துக்குங்க. ரெண்டும் சேர்ந்தா செட்டு. செட்டுக்கு ரேட்டே தனி."

கால் மணி நேரத்தில், எடுத்த பணத்தையும் இவர் கொடுத்த பணத்தையும் சேர்த்துப் பையில் போட்டுக்கொண்டு இளைஞர் கிளம்பினார்.

"ஒருவழியா வித்துட்டீங்களா?" என்று கேட்டபடி வந்தார் மனைவி.

"செட் ஆயிடுச்சு."

மனைவி அலமாரியைப் பார்த்தார். "நரேன் ரெண்டு இருக்கே. இன்னொண்ணு தனியா நிக்குதே?" என்று கேலியாகத்தான் கேட்டார்.

நம் ஆள் செருப்பைக்கூட மாட்டாமல் லிஃப்டை நோக்கி ஓடினார். "தம்பி! ஒரு நிமிஷம்! இன்னொரு மான்டெய்ரோ கிடைக்குமா?"