வட்டவளை – சென்னை வான்தூரம்: ஓர் ஆய்வு

கொழும்பிலிருந்து சென்னைக்கு விமானத்தில் எவ்வளவு நேரம் என்று கேட்டால் சின்னப் பிள்ளையும் சொல்லிவிடும்: ஒன்றேகால் மணி, மிஞ்சினால் ஒன்றரை. மலையகத்து வட்டவளையிலிருந்து எவ்வளவு நேரம் என்ற கேள்வியை மட்டும் அறிஞர் உலகம் சீந்தவில்லை. அக்குறையைத் தீர்க்கவே இவ்வாய்வு.

முதலில் தரவுகள். வட்டவளைக்கும் சென்னைக்கும் நேர்கோட்டில் ஏறத்தாழ 670 கிலோமீட்டர். கட்டுநாயக்க விமான நிலையத்துக்கும் சென்னைக்கும் ஏறத்தாழ 645. சென்னை நமக்கு அநேகமாக நேர் வடக்கே கிடக்கிறது. விமானம் ஏறவோ மேற்கே கடற்கரைக்கு இறங்க வேண்டும். கினிகத்தேனை வளைவுகளில் எலுமிச்சம்பழத்தை முகர்ந்து, கித்துல்கலையில் பிளேன்டீ குடித்து, யட்டியாந்தோட்டை, அவிசாவளை என்று போய்ச் சேர ஐந்து மணி நேரமாவது வேண்டும். அவ்வளவு பாடுபட்டுச் சென்னையை நெருங்கியது வெறும் 25 கிலோமீட்டர். மணிக்கு ஐந்து! இதற்கு 'நெருக்க வேகம்' என்று பெயரிடுகிறோம். தோட்ட வேலைக்கென்று இந்தியாவிலிருந்து மன்னாரில் இறங்கி மாத்தளை வரை காட்டுவழியே நடந்து வந்த நம் பாட்டன்மாரும் ஏறக்குறைய இதே வேகத்தில்தான் வந்தார்கள். அவர்களுக்கு வேன் கூலி மிச்சம். வழியில் காலராவில் விழுந்தவர்களுக்கு இந்தச் சமன்பாட்டில் இடமில்லை.

பறக்கும் நேரமாவது மாறாததா என்றால் அதுவும் இல்லை. 1996 மே மாதம், மின்வெட்டுக் காலத்தில், இலங்கை அரசாங்கம் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளியது. இந்தியக் கடிகாரம் அசையாததால், 1 மணி 20 நிமிடப் பயணம் கடிகாரப்படி 20 நிமிடத்தில் முடிந்தது. திரும்பி வரத்தான் 2 மணி 20 நிமிடம். ஒக்டோபரில் அரை மணி நேரத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள்; மிச்ச அரை மணி 2006 ஏப்ரலில் வந்து சேர்ந்தது. அந்த 20 நிமிடச் சாதனையை இன்றைய ஜெட் விமானம் எதுவும் முறியடிக்கவில்லை.

பலாலி வழியே போனால் என்ன என்று கேட்பார் உண்டு. நியாயமான கேள்விதான். வரைபடத்தில் கோடு இழுத்துப் பார்த்தால், பலாலியைத் தொட்டுப் போவதால் வரும் சுற்று நாலைந்து கிலோமீட்டருக்கு மேல் இல்லை. 1947 டிசம்பரில் எயார் சிலோனின் முதல் விமானமே இரத்மலானையில் கிளம்பி, பலாலியை அடுத்த காங்கேசன்துறையில் இறங்கித்தான் சென்னை போனது. 2019 ஒக்டோபரில் பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. கேத்திர கணிதம் ஒத்துக்கொண்டாலும் தோட்டத்து லயம் ஒத்துக்கொள்ளாது. வழியனுப்ப வரும் சனம் யாழ்ப்பாணம் வரை போய்த் திரும்புவது எப்படி?

இந்த வழியனுப்பும் சனத்தை முந்தைய ஆய்வாளர்கள் அடியோடு மறந்துவிட்டார்கள். பயணம் போவது ஒரு ஆள். அவருக்காகப் புறப்படும் வேனிலோ அம்மா, மாமா, சித்தப்பா, சித்தப்பாவின் மச்சான், சொந்தக்காரர்களுக்குக் கொடுத்துவிடத் தேயிலைத்தூள் பார்சலை மடியில் வைத்திருக்கும் அத்தை என்று மொத்தம் 15 தலை. அந்த ஒரு ஆள் பறக்கும் 80 நிமிடத்தை 15 பேருக்கும் பங்கிட்டால் தலைக்கு 5 நிமிடம் 20 விநாடி. வட்டவளையிலிருந்து சென்னைக்கான சராசரிப் பறப்பு நேரம் அதுவே என்பது எமது துணிபு. கைக்குழந்தையையும் ஒரு தலையாக எண்ணியதை அத்தை ஆட்சேபித்தார். வேன்காரரோ தொகையையே ஏற்கவில்லை. வாடகை பேசும்போது அவரிடம் பத்துப் பேர் என்றுதான் சொல்லியிருந்தார்களாம்.