டிவிக்குத் தலை இருந்த காலம்

குரோஷா ஊசியைக் கீழே வைத்துப் பல வருடமாகத் தொடாதவர்களைக் கேட்டால், எல்லோரும் ஒரே காரணத்தைத்தான் சொல்வார்கள்: நேரமில்லை. குற்றவாளி வேறு ஆள் என்பது என் கட்சி. முன்பு டிவிக்குத் தலை இருந்தது. தலைமேல் ஒரு வெள்ளைப் பின்னல் விரிப்பு, விரிப்பின்மேல் பிளாஸ்டிக் பூச்சாடி, பக்கத்தில் மாதா சொரூபம். டெலிபோனுக்கு ஒரு சட்டை, ஃபிரிட்ஜ் கைப்பிடிக்கு ஒரு உறை, மிக்ஸிக்கு ஒரு பாவாடை. பிறகு டிவி இளைத்துச் சுவரேறிவிட்டது. டெலிபோன் சட்டைப் பைக்குள் போய்விட்டது. விரிக்க இடமில்லாத வீட்டில் விரிப்பு பின்ன யாருக்குக் கை வரும்? ஆர்வம் செத்துவிட்டதென்று நாம் துக்கம் விசாரித்துக்கொண்டிருக்கிறோம். செத்தது அந்தப் பெட்டி டிவிதான்.

இதற்குச் சாட்சி சொல்லக் குமரி மாவட்டத்துக் கடியப்பட்டணம் கடற்கரையைக் கூப்பிடுகிறேன். வள்ளியாறு கடலில் சேரும் இந்த ஊரிலும் பக்கத்து ஊர்களிலும் வலை பழுது பார்க்கிறவர் யாரும், 'ரொம்ப நாளாச்சு, இனி இந்தக் கலைக்குத் திரும்பணும்' என்று பெருமூச்சு விடுவதில்லை. விட்டுப்போனால்தானே திரும்புவதற்கு! வலையில் ஓட்டை விழுந்தால் மீன் போய்விடும். மூடு வரட்டும் என்று காத்திருக்க முடியாது. மேற்குக் கடலில் விசைப்படகுகளுக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மீன்பிடித் தடைக்காலம். ஊரே ஓய்வில் இருப்பதாக வெளியூர்க்காரர் நினைக்கும் அந்த இரண்டு மாதமும் வலை வேலை நடக்கும்.

அந்த வேலையைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். கால் பெருவிரலில் வலையை மாட்டி இழுத்துப் பிடித்துக்கொண்டு, முதலில் கத்தியை எடுப்பார்கள். ஓட்டையைச் சின்னதாக்குவதற்குப் பதில் பெரிதாக்குவார்கள். பிய்ந்த இழைகளை எல்லாம் வெட்டித் தள்ளிய பிறகு, மூன்று இழை நிற்கும் ஒரு முடிச்சில் தொடங்கி, மூன்று இழை நிற்கும் இன்னொரு முடிச்சில் வந்து முடிப்பார்கள். தொடக்கம் தப்பினால் கடைசிவரை கணக்கு இடிக்கும். குரோஷாவுக்குத் திரும்புகிறவர்களுக்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை. பாதியில் நின்ற பழைய விரிப்பை அப்படியே தொடர்ந்து பின்னினால், அன்றைய இறுக்கமும் இன்றைய தளர்ச்சியும் சேருமிடத்தில் விரிப்பு சுருங்கிக் காட்டிக்கொடுக்கும். இரண்டு மூன்று வரிசையை உருவிவிட்டு, ஒழுங்காக நிற்கும் வரிசையில் கையைப் பழக்கிக்கொண்டு மேலே போவதுதான் வழி. ஆனால் நம்மவர்கள் செய்வது வேறு: நேரே கடைக்குப் போய்ப் பன்னிரண்டு நிறத்தில் ஆங்கர் நூல் வாங்கி, அலமாரியில் அடுக்கிவிட்டுக் கலைக்குத் திரும்பியதாக நிம்மதி அடைகிறார்கள். ஜிம்முக்குப் பணம் கட்டியதும் தொந்தி கரைந்துவிட்டதாக நம்புவது மாதிரி.

'ஓட்டை அடைப்பது கலையா? படைப்பு என்றால் புதிதாக ஒன்று செய்ய வேண்டாமா?' என்று கேட்பார்கள். புதிய விரிப்புக்கு அச்சடித்த மாதிரி கிடைக்கும். அதைப் பார்த்துப் பின்னலாம். கிழிந்த ரேந்தைக்கு, அதாவது லேஸுக்கு, எந்தப் புத்தகத்திலும் மாதிரி இல்லை. எந்தப் பூவின் பாதி மிச்சம், எத்தனை கண் விட்டிருந்தார்கள் என்று மிச்சத்தைப் பார்த்தே ஊகிக்க வேண்டும். அறிவுக்கு அதிக வேலை எதில்? இன்னொரு ஆட்சேபம்: மெஷின் ரேந்தை மீட்டர் கணக்கில் மலிவாகக் கிடைக்கிறதே. கிடைக்கட்டும். வலையையும் இப்போது மெஷின்தான் நெய்கிறது. நைலான் வந்த பிறகு முழு வலையைக் கையால் முடிய உட்காருகிறவர் அபூர்வம். ஆனாலும் கிழிந்த வலையைக் கொடுத்தால் தைத்துத் தரும் மெஷின் கடற்கரைக்கு வந்தபாடில்லை. புதிதாகச் செய்வதை இயந்திரம் பிடுங்கிக்கொண்டது. பழுது பார்ப்பது மனிதக் கையிலேயே நிற்கிறது.

வரலாற்றைக் காட்டி மடக்குகிறவர்களும் உண்டு. நாகர்கோவிலில் மிஷனரியின் மனைவி மார்த்தா மால்ட் 1821-இல் ரேந்தை கற்றுக்கொடுக்கத் தொடங்கியது பொழுதுபோக்குக்காகவா? அவர் மகள் எலைசா, கால்டுவெல்லின் மனைவி, இடையன்குடிக்கு அதைக் கொண்டுபோனது டிவி விரிப்புக்காகவா? இல்லைதான். திருவிதாங்கூரில் 1855-இல் அடிமைமுறை ஒழியுமுன்பே, ரேந்தைக் கூலியைச் சேர்த்துத் தங்கள் விடுதலையை வாங்கிய பெண்கள் உண்டென்று மிஷன் வரலாறு சொல்கிறது. என் கட்சிக்கு இதைவிடப் பலமான சாட்சி ஏது? ரேந்தை பின்னும் திண்டின்முன் அவர்களை உட்கார வைத்தது ஆர்வம் மட்டுமா? தேவையும்தான். ஆனால் இதை வைத்து, 'அப்படியானால் நீங்களும் இன்ஸ்டாகிராமில் விற்கலாமே' என்று கிளம்பும் சொந்தக்காரரிடம் ஜாக்கிரதை. பத்து நாள் பின்னியதற்கு நூல் விலை, கூலி, கூரியர் எல்லாம் போட்டுப் பார்த்தால், ஊசி அன்றே திரும்பவும் டப்பாவுக்குள் போய்விடும்.

ஆகவே திரும்ப நினைக்கிறவர்கள் நூல்கடைக்குப் போக வேண்டாம். வீட்டுக்குள் ஒரு ஓட்டையைத் தேடுங்கள். தலையணை உறையின் ஓரத்தில் விட்டுப்போன ரேந்தை இருக்கும், பாட்டியின் பழைய விரிப்பில் எலி கடித்த மூலை இருக்கும். எங்கள் வீட்டில் கிழிந்தது ஒன்றுமே இல்லை என்று பெருமை பேசுகிறவர்கள், இன்று ராத்திரி படுக்குமுன் கொசுவலையை ஒருமுறை விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்.