அழிரப்பர் கதிர்

தை பிறந்தால் பென்னிகுவிக் பேரைச் சொல்லிப் பொங்கல் வைக்கிற ஊர் எங்களுடையது. மேற்கே ஓடிய தண்ணீரை அவர் 1895இல் அணை கட்டிக் கிழக்கே திருப்பினார். நாங்கள் நன்றி மறப்போமா? கம்பத்துச் சாக்கடையை அந்தத் தண்ணீருக்குள் திருப்பிவிட்டோம்.

அதில் போவது வெறும் அழுக்கா? சளிக்கு மருந்துக்கடையில் "அண்ணே, ஒரு செட் மாத்திரை" என்று கேட்டு வாங்கி, ரெண்டே நாளில் நிறுத்தினோமே, அதுவும் போகிறது. விழுங்கிய ஆன்டிபயாடிக்கில் ஒரு பங்கை உடம்பு அப்படியே சிறுநீரில் தள்ளிவிடும். மருந்தைத் தாங்கப் பழக ஆற்றுக் கிருமிகளுக்கு ஃபீஸ் இல்லாத டியூஷன்.

தண்ணீரில் கலந்த மருந்தை உடைக்க வழி இருக்கிறது. காமாக் கதிரோ எலெக்ட்ரான் கற்றையோ பாய்ந்தால் தண்ணீரே சிதறி, ஹைட்ராக்ஸில் என்றொரு வெறிபிடித்த துணுக்கு பிறக்கும். மருந்து மூலக்கூறைக் கடித்துக் குதறிவிடும். தண்ணீரில் கதிரியக்கம் தங்காது. (பொட்டிப்புரத்து நியூட்ரினோ ஆய்வகத் திட்டத்துக்கு அலறிய நம்மிடம் இதைச் சொன்னால் அடிக்க வருவோம், அது தனிக்கதை.) பாபா அணு ஆராய்ச்சி மையம் 1992இலேயே வதோதராவில் சாக்கடைச் சகதிக் கிருமிகளைக் கோபால்ட்-60 காட்டிக் கொல்லத் தொடங்கிவிட்டது. சீனாவில் சாயக் கழிவுநீரை நாளுக்கு 3 கோடி லிட்டர் எலெக்ட்ரானால் வெளுக்கிறார்கள், 2020 முதல். நமக்கு இதெல்லாம் காஸ்ட்லி.

செலவில்லாத கதிர் ஒன்று டெல்லியில் இருக்கிறது. ஹைதராபாத் பக்கம் பட்டான்சேருவில், சுமார் 90 மருந்து ஆலைகளின் கழிவைச் 'சுத்திகரித்து' விட்ட நீரில் லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை சிப்ரோஃப்ளாக்ஸசின் இருந்தது. 2007இல் ஆய்வே வந்துவிட்டது. மருந்து சாப்பிட்ட நோயாளியின் ரத்தத்தில்கூட அவ்வளவு இருக்காது! டெல்லியில் பதிமூன்று வருஷம் கொட்டாவி விட்டு, 2020 ஜனவரியில் மருந்து ஆலைக் கழிவில் ஆன்டிபயாடிக்குக்கு வரம்பு கட்டி வரைவு விதி போட்டார்கள். 2021 ஆகஸ்டில் இறுதி விதி வந்தது. வரம்பைக் காணோம். நூற்றுக்கு மேற்பட்ட மருந்துகள் ஒரே அழிரப்பர் தேய்ப்பில் காகிதத்திலிருந்து மாயம். எந்தக் கோபால்ட்டுக்கு வரும் அந்த வீரியம்?

போன மாதம் சித்திக்கு மூத்திரக் கல்ச்சர் எடுத்தோம். மருந்துப் பெயர் வரிசைக்கு நேரே 'ஆர்', 'ஆர்', 'ஆர்'. இந்த மருந்துக்குக் கிருமி மசியாது என்பதற்கு அதுதான் எழுத்து. நான் வாசிக்க வாசிக்கச் சித்தி கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"ஏப்பா, ஆரு ஆருங்கிற... ஆருப்பா அது?"