நிற்றலும் நிற்றல் நிமித்தமும்: டேனிஷ் வெளிவாசத் திணை பற்றி ஓர் ஆய்வு

தொல்காப்பியர் நிலத்தைப் பகுத்தபோது டென்மார்க்கைக் கணக்கில் எடுத்திருக்க வாய்ப்பில்லை. எடுத்திருந்தால், குறிஞ்சி முதல் பாலை வரை எதிலும் அடங்காமல் ஒரு திணை மிஞ்சுவதைக் கண்டு இன்னொரு நூற்பா சேர்த்திருப்பார். மழையில் ஊறிய காட்டோரம். நடுத்தர வயதுக்காரர் ஒருவர் ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு, கைகளைச் சட்டைப் பைக்குள் விட்டபடி, மரமேறும் நாலு வயதுக் குழந்தையை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்கிறார். இப்படி நிற்பதற்கு அவருக்கு மாதச் சம்பளம் உண்டு, ஓய்வூதியம் உண்டு, போராடிக் கேட்க தொழிற்சங்கமும் உண்டு. முழுநேரப் பணி என்றால் வாரத்துக்கு 37 மணி நேரம். இவரை எந்தத் திணையில் வைப்பது என்பதே இக்கட்டுரை எடுத்துக்கொண்ட ஆய்வுச் சிக்கல்.

கருதுகோள் இதுதான்: இத்திணையின் உரிப்பொருள் நிற்றலும் நிற்றல் நிமித்தமும்.

ஆய்வின் எல்லையைச் சொல்லிவிடுவது மரபு. காட்டிலேயே நடக்கும் பாலர் பள்ளிகள், பள்ளி விட்டதும் பிள்ளைகள் போய் ஆணியடிக்கும் கட்டுமானத் திடல்கள், வெளிக்களப் பொழுதுபோக்கு மையங்கள் ஆகியவை இதற்குள் அடங்கும். குப்பை எரிக்கும் ஆலை ஒன்றும் அடங்கும். காரணம் அடுத்த பத்தியில்.

முதற்பொருளில் முதலாவது நிலம். டென்மார்க்கின் இயற்கையான உச்சி 170.86 மீட்டர். ‘வான மலை’ என்று பொருள்படும் பெயர் சூட்டி அந்நாட்டார் கொண்டாடும் ஹிம்மெல்பியெர்கெட் 147 மீட்டர்தான். பெயர் வைத்தவர் கொஞ்சம் தாராளமாகவே நடந்துகொண்டிருக்கிறார். மலை இல்லையே என்று மூலையில் உட்காரும் இனம் அல்ல அது. கோபன்ஹேகனில் அமாகர் பக்கெ என்ற குப்பை எரிப்பு ஆலையின் கூரையைச் சரிவாகக் கட்டி, அதன்மேல் பச்சைப் பிளாஸ்டிக் விரிப்பைப் பரப்பி, 2019 அக்டோபரில் பனிச்சறுக்குத் தளமாகத் திறந்துவிட்டார்கள். வடிவமைத்தது பியார்க்க இங்கெல்ஸின் நிறுவனம். உயரம் 85 மீட்டர். திருச்சி மலைக்கோட்டை 83 மீட்டர் என்பதால், உச்சிப் பிள்ளையாரை இரண்டு மீட்டர் வித்தியாசத்தில் குப்பை முந்திவிட்டது என்பதை ஆய்வாளர் வருத்தத்துடன் பதிவு செய்கிறார். உள்ளே ஊர்க் குப்பை எரிந்து மின்சாரமாகவும் வீடுகளுக்கு வெப்பமாகவும் மாறுகிறது. மேலே ஆட்கள் சறுக்கிக்கொண்டிருக்கிறார்கள். சென்னையின் குப்பைமேடுகள் இருக்கும் பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் குடியிருப்போர் இந்த வாக்கியத்தை இரண்டு முறை படிக்க நேரிடலாம்.

குப்பைக்கும் டேனிஷ் வெளிவாசத்துக்கும் உள்ள உறவு நேற்று வந்ததல்ல. அதற்கு ஓர் ஆதி உண்டு. ஆதிக்கு ஆண்டும் உண்டு. கார்ல் தியோடோர் சோரென்சென் என்ற நிலவடிவக் கலைஞர் பூங்காக்கள் அமைப்பவர். அமைத்துக்கொடுத்த அழகான திடல்களை விட்டுவிட்டுப் பிள்ளைகள் பக்கத்தில் வீடு கட்டும் இடத்துக்கு ஓடுவதையும், அங்கே கிடக்கும் உடைந்த செங்கலிலும் பலகையிலும் மணிக்கணக்கில் மூழ்கிக் கிடப்பதையும் அவர் கவனித்தார். 1931-ல் எழுதிய நூலில், அப்படியானால் பழம்பொருட்களையே கொட்டி ஒரு திடல் அமைத்துப் பார்த்தால் என்ன என்று கேட்டார். எல்லாத் தொழிலிலும் இப்படி ஒருவர் கேட்பார். யாரும் செவிசாய்க்க மாட்டார்கள். இவருக்குச் செவிசாய்க்க 12 ஆண்டுகள் ஆயின.

1943 ஆகஸ்ட். டென்மார்க் ஜெர்மன் படையின் பிடியில் இருந்தது. கோபன்ஹேகனின் எம்ட்ரூப் பகுதியில், தொழிலாளர் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கத்தின் குடியிருப்புக்கு நடுவே, அந்தத் திடல் திறக்கப்பட்டது. தெருவில் பிள்ளைகள் செய்யும் குறும்பைச் சிப்பாய்கள் நாசவேலை என்று எடுத்துக்கொண்டு விடுவார்களோ என்ற பயம் பெற்றோருக்கு இருந்ததாகவும் சொல்வதுண்டு. சுற்றிலும் உயரமாக ஒரு மண்கரை எழுப்பி, அதில் முள்செடி வைத்துவிட்டார்கள். வெளியிலிருந்து பார்த்தால் உள்ளே நடப்பது தெரியாது. உள்ளே ஊஞ்சல் இல்லை, சறுக்குமரம் இல்லை. பலகை, செங்கல், பழைய சாமான், சுத்தி, மண்வெட்டி இவைதான். பிள்ளைகள் குடிசை கட்டினார்கள், குழி வெட்டினார்கள், கட்டியதை இடித்துவிட்டு வேறொன்று கட்டினார்கள். தான் உருவாக்கியவற்றிலேயே மிக அசிங்கமானது இதுதான் என்றும், ஆனாலும் தனக்கு மிக அழகாகத் தெரிவதும் இதுவே என்றும் சோரென்சென் பின்னாளில் சொன்னார்.

திடலுக்கு ஒரு பெரியவர் வேண்டுமே? ஜான் பெர்டெல்சென் வந்தார். முன்னாள் கப்பலோட்டி; பாலர் பள்ளி ஆசிரியராகவும் பயின்றவர். இந்தச் சேர்மானம் கிடைப்பதற்கு இன்று எத்தனை நேர்காணல் வைத்தாலும் போதாது. தன் வேலைக்கு அவரே வேடிக்கையாக ‘ஸ்க்ரமோலொகி’ என்று பெயரும் வைத்தார். பழம்பொருளியல் என்று துறைக்குப் பலகை மாட்டலாம். ஆக, போலித்தனமாக ஓர் ஆய்வுத்துறையை நிறுவிய பெருமை இக்கட்டுரைக்கு முந்தியே அவரைச் சேர்ந்துவிடுகிறது. பிள்ளைகளுக்கு எதையும் கற்றுக்கொடுப்பது தன் வேலை அல்ல, யோசனை அவர்களிடமிருந்து வர வேண்டும், கேட்டால் சாமானை எடுத்துக்கொடுக்கலாம் என்பது அவருடைய நிலைப்பாடு. ‘நிலைப்பாடு’ என்பதை இங்கே நேர்ப்பொருளிலேயே கொள்க.

1946-ல் பிரிட்டனிலிருந்து குழந்தைநலச் செயற்பாட்டாளர் ஹர்ட்வுட் சீமாட்டி ஆலன் வந்து எம்ட்ரூப்பைப் பார்த்துவிட்டு அசந்துபோனார். லண்டனில் ஜெர்மன் குண்டு விழுந்து வெறும் இடிபாடாகக் கிடந்த மனைகளில் இதேபோல் திடல் போடலாமே என்று எழுதினார், போட்டார்கள். குண்டு போட்டவர்களுக்கு இதில் எவ்விதப் பாராட்டும் வழங்கப்படவில்லை.

அடுத்து பொழுது. பெரும்பொழுது, சிறுபொழுது இரண்டையும் டிசம்பர் மாதம் ஒன்றாக்கிவிடுகிறது. சூரியன் காலை எட்டரை வாக்கில் தலைகாட்டி, மாலை நாலு மணிக்கு முன்பே கிளம்பிவிடும். அரசு அலுவலகங்களில் இதைவிட அதிக நேரம் இருக்கையில் இருப்பவர்கள் உண்டு. வெளிக்களப் பணியாளர் இருட்டில் வேலைக்கு வந்து இருட்டில் வீடு திரும்புகிறார். ஜூனில் கணக்கு நேர்மாறு. இரவு பத்து மணி வரை வெளிச்சம் போகாததால், பிள்ளைகளைத் தூங்கவைப்பது பெற்றோர் பாடு. அது இந்த ஆய்வின் எல்லைக்குள் வராது.

கருப்பொருள்களில் உடையிலிருந்து தொடங்குவது நல்லது, ஏனெனில் வேலையே அங்கிருந்துதான் தொடங்குகிறது. தலை முதல் கணுக்கால் வரை ஒரே துண்டாக, பஞ்சு வைத்துத் தைத்த அங்கி ஒன்று உண்டு. அதற்கு டேனிஷ் பெயர் விமானியின் உடை என்று பொருள்படும். போட்டவர் பறப்பதில்லை, உருள்கிறார். அதன்மேல் மழை என்றால் மழையங்கி, கையுறை, தொப்பி, கழுத்துப் பட்டை. இதிலிருந்து பெறப்படும் தேற்றம் இது: ஒரு குழுவில் கடைசிக் குழந்தைக்கு இழுவை ஜிப் போட்டு முடிக்கும் அதே கணத்தில், முதல் குழந்தைக்குச் சிறுநீர் வரும். இதற்கு நிரூபணம் தேவையில்லை. துறையில் யாரும் மறுத்ததில்லை. மாலையில் சொட்டச் சொட்ட வரும் அங்கிகளைத் தொங்கவிட, இரும்பு அலமாரிபோல ஒன்று, உள்ளே வெப்பக் காற்று அடிக்கும் உலர்த்தும் பெட்டி, நடையிலேயே நிற்கும். அதைத் திறந்தால் வரும் ஈரக் கம்பளியும் புகையும் கலந்த வாடை, அங்கே வேலை பார்த்தவர்களின் சொந்த உடையிலும் வீடு வரை வரும்.

உணவு விஷயத்தில் ஆய்வு சற்றுத் தாமதிக்க வேண்டியிருக்கிறது. கட்டுச்சோறாக ரை ரொட்டி வருகிறது, அது ஒன்றும் சிக்கலில்லை. சிக்கல் ஸ்னோப்ரோட். மாவைப் பிசைந்து, ஈஸ்ட் போட்டுப் பொங்கவைத்து, பாம்புபோல் உருட்டி, பட்டை சீவிய குச்சியின் நுனியில் சுற்றிக்கொள்ள வேண்டும். பிறகு தணலுக்கு மேலே, சுடரில் படாமல், மெல்லச் சுழற்றிக்கொண்டே இருக்க வேண்டும். பொறுமையுள்ளவருக்கு அது பொன்னிறமாக வரும். குச்சியை உருவினால் கழன்று வந்துவிடும், அந்தத் துளையில் ஜாம் விடலாம். ஐந்து வயதுக்காரருக்கு அத்தனை பொறுமை எங்கே? அவர் சுடருக்குள்ளேயே நீட்டுவார். இரண்டே நிமிடத்தில் வெளிப்புறம் கரி, உட்புறம் பச்சை மாவு. அதை அவர் முகத்தில் கறுப்பு பூசிக்கொண்டு முழுக்கத் தின்று முடித்து, இன்னொன்று கேட்பார். பக்கத்தில் நிற்கும் பெரியவருக்கு எப்படிச் சுட வேண்டும் என்பது தெரியும். குச்சியைப் பிடித்து ஒரு சாண் மேலே தூக்கிக் காட்டினால் போதும். அவர் தூக்குவதில்லை. துறையின் கடினமான பகுதி இதுதான்.

விலங்கில் ஆடும் முயலும் கட்டுமானத் திடல்களில் வளர்க்கப்படுவன. உண்ணி, யாரும் வளர்க்காமலே வருவது. கோடையில் காட்டிலிருந்து வந்த பிள்ளையின் காதுமடல், அக்குள், முழங்காலின் பின்புறம் எல்லாம் தேடிப் பார்த்து, இருந்தால் சின்னக் கொக்கியால் எடுத்துவிட வேண்டும். லைம் நோய் அதன்வழி வரும். கருப்பொருளில் தெய்வமும் உண்டல்லவா? ஆராய்ந்ததில் அது பெற்றோர் எனத் தெரியவருகிறது. நாளெல்லாம் கண்ணுக்குத் தெரியாமல் இருந்து, பிற்பகலில் சைக்கிளில் காட்சி தந்து, “ஒரு கையுறை எங்கே?” என்று கேட்கும்.

இனி உரிப்பொருள். நிற்றல் இருவகைப்படும்: பார்த்து நிற்றல், பாராதுபோல் நிற்றல். முதலாவது, புதிதாகச் சேர்ந்தவருக்கு உரியது. குழந்தை மரத்தில் ஏறும். இவர் இரண்டு கையையும் ஏந்தலாக நீட்டிக்கொண்டு கீழே அலைவார். குழந்தை அதைப் பார்க்கும், பார்த்ததும் தன் காலை நம்பாமல் அவர் கையை நம்பத் தொடங்கிவிடும். இரண்டாவது, பழம் தின்று கொட்டை போட்டவர்களுக்கு உரியது. அவர் முகம் வேறெங்கோ இருக்கும். காது மட்டும் கிளையில் இருக்கும். இந்தத் திணையின் சட்டம் ஒன்றே: எந்தக் குழந்தையையும் தூக்கி மரத்தில் வைப்பதில்லை. தானே ஏறியது தானே இறங்கத் தெரிந்துகொள்ளும். தூக்கி வைத்ததற்கு இறங்கும் வழி தெரியாது. கத்தியும் அப்படியே. உட்கார்ந்துதான் சீவ வேண்டும், கத்தி உடம்பை விட்டு விலகிப் போக வேண்டும், பக்கத்தில் இருப்பவர் ஒரு கை நீளத்துக்கு அப்பால். இந்த மூன்றையும் சொல்லிக் கொடுத்துவிட்டு, நிற்பவர் திரும்பவும் நிற்கப் போய்விடுகிறார். சும்மா இருப்பதைத் தாயுமானவர் அரிய திறமாகக் கருதினார் என்பது அறிந்ததே. குச்சி சீவும் ஐந்து வயதுக்காரரின் எதிரே சும்மா இருப்பதை அவர் முயன்று பார்த்ததற்குச் சான்று இல்லை.

எண்ணிக்கையும் பார்க்க வேண்டும். 2024 ஜனவரி முதல், பாலர் பள்ளிகளில் ஆறு குழந்தைக்கு ஒரு பெரியவர் என்பது சட்டம். ஆனால் அது நகராட்சி முழுமைக்குமான ஆண்டுச் சராசரி. இருபது பிள்ளைகள் என்றால் மூன்றே கால் பெரியவருக்குச் சற்றே கூடுதலாக வருகிறது. அந்தக் காலும் சொச்சமும் எந்த மரத்தடியில் நிற்கிறது என்பதைக் களப்பணியில் கண்டறிய இயலவில்லை. காய்ச்சலில் ஒருவர் வராத நாளில் சராசரி அப்படியே இருக்கும்; நிற்பவர்தான் குறைவார்.

மறுப்புரைகளையும் பதிவு செய்வது நேர்மை. 1980களில் இலங்கையிலிருந்து வந்த தமிழர்கள் பலர் ஹெர்னிங் போன்ற யூலாந்து ஊர்களில் குடியேறினார்கள். பூச்சியத்தை ஒட்டிய குளிரில் டேனிஷ் கைக்குழந்தைகள் தள்ளுவண்டிக்குள், வீட்டுக்கு வெளியே, வாசலில் பகல் தூக்கம் போடுவதை முதல்முறை கண்ட எந்த அம்மம்மாவுக்கும், “பச்சைப் பிள்ளையைக் குளிருக்குள்ள விட்டிட்டு உள்ளுக்க இருந்து கோப்பி குடிக்கினம்!” என்று வாய்விட்டுச் சொல்லாமல் இருப்பது கடினம். நியூயார்க் போலீசாரும் இந்த அம்மம்மா கட்சிதான். 1997 மே மாதம் ஒரு டேனிஷ் தாய் தன் ஊர் வழக்கப்படி தள்ளுவண்டியை உணவகத்தின் வெளியே விட்டுவிட்டு உள்ளே அமர்ந்ததற்காகக் கைதானார். அந்த அம்மம்மாவின் பேரன் இன்று காட்டில் குச்சி சீவிக்கொண்டிருக்கக் கூடும். அது குறித்து அம்மம்மாவின் கருத்து தனி ஆய்வேட்டுக்கு உரியது.

இத்தனைக்கும் இந்த நிற்றல் படித்துப் பெறும் வேலை. பெடகோக் என்ற பட்டத்துக்கு மூன்றரை ஆண்டுப் படிப்பு, இடையிடையே சம்பந்தப்பட்ட நிலையங்களில் களப்பயிற்சி. டேனிஷ் கல்வியில் உச்ச மதிப்பெண் 12. அடிமட்டம் பூச்சியம் அல்ல, கழித்தல் 3. ஒன்றுமே செய்யாதவருக்குப் பூச்சியம் என்றால், அதற்கும் கீழே யார் போவார் என்று வெளியூர் மாணவர்கள் குழம்புவதுண்டு. இத்திணையைப் பொறுத்தவரை விடை கடினமில்லை: பூட்ஸை இடம் வலம் மாற்றிப் போட்டுக்கொண்டு தானாகவே கழற்றிக்கொண்டிருந்த குழந்தையிடம் ஓடிப்போய், மண்டியிட்டு, அழகாக மாற்றிப் போட்டுவிட்டவர்.